கூரைப் புடவைக்குப் போட்ட கவர்

சுபாஷினி அந்தப் பழைய ஜார்ஜ் டவுன் வீட்டுக்கு வந்தது வேலைக்காகத்தான் கண்ணுங்களா. டிவி நாடகங்களுக்கு உடை அமைப்பவள். மற்றவர்களின் மடிப்பை நீவி நீவியே முதுகு வளைந்துவிட்டது. இந்த நாடகம் கைவிட்டுப் போனால் அடுத்ததற்குக் கூப்பிட ஆளில்லை.

கல்யாணக் காட்சிக்கு, வீட்டுக்காரர் தியாகராஜா அலமாரியைத் திறந்துவிட்டார்.

"என்ர மனுசியின்ர கூரைப் புடவை. எடுங்கோ பிள்ளை, அவ போனதுக்குப் பிறகு சும்மாதானே கிடக்குது."

பாதிக் காட்சி எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"நாளைக்கும் இதே சேலை, இதே மடிப்பு," என்றான் டைரக்டர் ஜெயராஜ். "ஏதாச்சும் மாறிச்சு, நீங்களே மணமேடையில உட்கார்ந்துக்குங்க லா அக்கா!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள். சுபாஷினி வழக்கம்போல் புடவையைப் பிளாஸ்டிக் கவரில் தொங்கவிட்டு ஜிப்பை இழுத்தாள்.

கவர் சரசரத்தது.

காற்றில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாடை வந்தது.

பிளாஸ்டிக் உள்ளே ஒட்டியது. உப்பியது. மறுபடி ஒட்டியது.

"திரும்பவும் இதுக்குள்ளயோ, பிள்ளை?" என்றது கவருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

ஜிப்பை இறக்கினாள். புடவை மட்டுமே இருந்தது. அதை வாரி எடுத்துக்கொண்டு தியாகராஜாவிடம் ஓடினாள்.

"ஐயா, அம்மா எப்படி இறந்தாங்க?"

அவர் அவள் கையிலிருந்த புடவையின் கரையைத் தொட்டார்.

"கொரோனா. புருசன் நான் உயிரோட இருக்கேக்க அவ போனா, கூரை உடுத்தித்தானே அனுப்ப வேணும்? கெஞ்சிக் கேட்டன். பிளாஸ்டிக்கில சுத்தி, ஜிப்பை இழுத்துப்போட்டினம். முகமும் காட்டயில்லை."

சுபாஷினிக்கு நாளைய காட்சி நினைவுக்கு வந்தது. புடவையைக் கட்டிலில் விரித்து வைத்தாள்.

"ஒருநாள் பொறுங்கம்மா. எனக்கும் வேற வழியில்ல."

மறுநாள் காட்சி முடிந்தது. தியாகராஜாவும் அவளும் பத்து லாஞ்சாங் சுடலைக்குப் போய், அம்மாவுக்குப் போய்ச் சேரட்டும் என்று கற்பூரம் வைத்துக் கூரைப் புடவையை எரித்தார்கள். கிழவர் குழந்தையைப்போல் அழுதார்.

அசதியோடு சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பினாள். காலி கவர்களை மாட்டினாள்.

அவற்றில் ஒன்று காலியாகத் தொங்கவில்லை.

தோள் அகலத்துக்கு உப்பியிருந்தது. உள்பக்கம் மூச்சுப் பட்டு வெளுத்திருந்தது.

"கூரை வந்திட்டுது, பிள்ளை. இனித் திறந்துவிடு."

ஓடுவதற்கு அவளிடம் தெம்பு மிச்சமில்லை. ஜிப்பைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"மெதுவா வாங்கம்மா."

கவர் தளர்ந்து சுருங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. கற்பூர வாசம் மட்டும் அவளைக் கடந்து போனது.

அப்பாடா என்று அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அவள் தோளிலிருந்து சரிந்திருந்த துப்பட்டாவைப் பின்னாலிருந்து குளிர்ந்த விரல்கள் எடுத்தன. மடிப்பு மடிப்பாக நீவி, தோளில் சரியாகப் போட்டுவிட்டன.