மிஸ்னாவை யாரும் பிடிக்கவில்லை

கோர்ஃபக்கானில் இருந்தவரை மிஸ்னாவிடம் யாரும் "நீ எந்த நாடு?" என்று கேட்டதே இல்லை.

எப்படிக் கேட்பார்கள்? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் அமீரகத்தின் அந்தச் சின்ன ஊர். அவள் வகுப்பில் பாதிப் பேர் பெரியப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளைகள். மீதிப் பேர் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். கடைக்குப் போனால், "துறைமுகத்து கல்ஃபான் மகளா? விழுந்த பல்லு முளைச்சாச்சா?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான்.

அப்புறம் பாபாவுக்குத் துபாய்க்கு மாற்றல் வந்தது. புது வீடு, புதுப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியில் பல நாட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள்.

முதல் நாள் நாதீன் மிஸ் அவளை வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்தார்.

"பேரைச் சொல்லும்மா. எந்த நாடுன்னும் சொல்லு."

"மிஸ்னா." அவள் கொஞ்சம் யோசித்தாள். "இந்த நாடுதான் மிஸ்."

வகுப்பே சிரித்தது. கேலியாக இல்லை. அப்படி ஒரு பதிலை அந்த வகுப்பில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால்தான். எகிப்து, இந்தியா, ஜோர்டான், பாகிஸ்தான் என்று சொல்லித்தான் பழக்கம்.

"ஓ! லோக்கல்!" என்றான் பின்வரிசையில் இருந்த ஜாஸ்பர். அவன் பிலிப்பைன்ஸ் பையன். நெட்டையாக, துருதுருவென்று இருப்பான்.

இடைவேளையில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உங்க வீட்டுல சிங்கம் வளக்குறீங்களா?"

"இல்ல. ஆடு இருந்துச்சு. அதையும் பெரியப்பா வீட்டுல விட்டுட்டு வந்துட்டோம்."

"எண்ணெய்க் கிணறு?"

"இல்ல."

"வல்லூறு? கையில வச்சுக்கிட்டு நிப்பாங்களே!"

"இல்லப்பா. பால்கனிக்குப் புறா வருது."

சூழ்ந்து நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைசியில் மிஸ்னாவும் அவளுடைய சாப்பாட்டு டப்பாவும்தான் மிச்சம்.

அன்று மாலை உம்மா சமையலறையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"உம்மா, லோக்கல்னா என்ன?"

"கடையில இந்த வெள்ளரிக்காய் மேல எழுதி ஒட்டியிருப்பாங்களே, அதுதான். இங்கேயே விளைஞ்சதுன்னு அர்த்தம்."

"என்னை அப்படித்தான் கூப்பிடுறாங்க."

உம்மாவின் கத்தி நின்றது. கூடத்தில் இருந்த பாபா எழுந்து வந்து மிஸ்னாவின் கழுத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

"எங்கே, விலை எதுவும் ஒட்டலையே?"

மிஸ்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இமாராத்தின்னு சொல்லு," என்றார் உம்மா. "அதுதான் நம்ம பேரு."

"சின்ன வயசு வார்த்தை அது," என்றார் பாபா. "என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தது. ஏழு இமாரத்தும், அதாவது ஏழு குட்டி அரசும், ஒண்ணாச் சேர்ந்து ஒரு நாடாச்சு. அதுக்கப்புறம்தான் நாம எல்லாரும் இமாராத்தி ஆனோம். எங்க பாபா சின்னப் பையனா இருந்தப்போ அப்படி ஒரு பேச்சே கிடையாது."

"அப்ப அவரு யாரு?"

"கோர்ஃபக்கான்காரரு. வேற யாரு?"

மிஸ்னா படுக்கப் போகும்வரை கண்ணாடி முன்னால் நின்று அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். இமாராத்தி. நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஜாஸ்பரிடம் போய்ச் சொன்னாள். "நான் லோக்கல் இல்ல. இமாராத்தி."

"சரி," என்றான் அவன். அதற்குப் பிறகு எல்லோரும் அப்படியே சொன்னார்கள். பெயர் மாறியது. வேறொன்றும் மாறவில்லை.

பள்ளித் திடலில் வெயில் தெரியாமல் இருக்க மேலே துணி கட்டியிருப்பார்கள். அந்த நிழலில்தான் தினமும் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். ஒருவர் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு எண்ண வேண்டும். மற்றவர்கள் ஓட வேண்டும். தொடப்பட்டவர் அவுட். அடுத்து அவர்தான் பிடிக்க வேண்டும்.

"நானும் வரட்டா?" என்று மிஸ்னா கேட்டாள்.

"வாயேன்," என்றார்கள்.

மிஸ்னா தலைதெறிக்க ஓடினாள். திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அடுத்த முறையும் ஓடினாள். அப்போதும் யாரும் வரவில்லை. எதற்கும் பார்க்கலாம் என்று மெதுவாக ஓடினாள். பிறகு நடந்தாள். பிறகு திடல் நடுவில் அப்படியே நின்றாள். அன்று பிடிக்கிறவன் ஜாஸ்பர். நேராக அவளை நோக்கி ஓடி வந்தான். கை எட்டும் தூரத்தில் அவன் வளைந்து திரும்பி, தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த வேறொரு பையனைத் தேடிப் போய்விட்டான்.

"ஏன் என்னைப் பிடிக்கல?" என்று பிறகு கேட்டாள்.

"நீ ரொம்ப வேகம்."

"நான் நின்னுக்கிட்டில்ல இருந்தேன்!"

ஜாஸ்பர் தலையைச் சொறிந்தான். "நின்னாலும் வேகம்தான்."

எல்லோரும் வியர்க்க விறுவிறுக்க வகுப்புக்குத் திரும்புவார்கள். சட்டையைப் பிடித்து இழுத்ததற்கும் காலை வாரியதற்கும் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். மிஸ்னாவின் சட்டை மட்டும் கசங்காமல் இருக்கும். அவளோடு சண்டை போட யாருக்கும் ஒன்றுமே இருக்காது. பென்சில் கேட்டால் இரண்டாகக் கொடுத்தார்கள். வரிசையில் நின்றால் முன்னால் விட்டார்கள். அவள் சொன்ன சப்பை ஜோக்குக்கெல்லாம் சிரித்தார்கள். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கோர்ஃபக்கானில் அவளை ஒருவரும் வரிசையில் முன்னால் விட்டதில்லை. தலையில் குட்டிப் பின்னால் தள்ளுவார்கள். அந்தக் குட்டுக்கு அவள் ஏங்கினாள்.

ஒரு நாள் நூலக வகுப்பில் தஸ்னீம் பக்கத்தில் உட்கார்ந்தாள். சூடான் நாட்டுப் பெண். பள்ளி முழுக்கக் கேட்கும்படி சிரிக்கிறவள், மிஸ்னாவின் பக்கத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

"தஸ்னீம், உண்மையைச் சொல்லு. என்னை யாருக்கும் பிடிக்கலையா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல!"

"பின்ன ஏன் விளையாட்டுல என்னை யாரும் தொட மாட்டேங்குறீங்க?"

தஸ்னீம் புத்தகத்தால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டாள். "கோவிச்சுக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"எங்கம்மா சொல்லியிருக்காங்க. இமாராத்திப் பிள்ளைங்ககிட்ட பாத்து நடந்துக்கோன்னு. விளையாடுறப்ப அடிகிடி பட்டுட்டா வம்பு. அவங்க பாபா ஒரு ஃபோன் போட்டா எங்க அப்பாவுக்கு வேலை போயிடும். நாங்க பெட்டி கட்டணும். நாங்கல்லாம் இங்க விருந்தாளிங்கதானே?"

"யாருக்கு அப்படி ஆச்சு?"

"தெரியாது. யாருக்கோ." தஸ்னீம் குரலை இன்னும் தாழ்த்தினாள். "நான் இங்கதான் பொறந்தேன் மிஸ்னா. சூடானுக்கு ரெண்டு தடவைதான் போயிருக்கேன். எனக்கு இங்கேருந்து போகப் பிடிக்காது."

இமாராத்தி. மிஸ்னா கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகிய வார்த்தை. அதைக் கேட்டுத்தான் எல்லோரும் தள்ளித் தள்ளிப் போகிறார்களா?

அன்று இரவுச் சாப்பாட்டில் மீன் இருந்தது. அவளுக்குப் பிடித்த மீன்தான். அவள் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"பாபா, நீங்க யாரையாவது நாட்டை விட்டு அனுப்பியிருக்கீங்களா?"

"நானா? உன் மாமாவைத்தான் ஒரு தடவை அனுப்பினேன். வந்தவரு கிளம்புற மாதிரியே தெரியல. அரிசி மூட்டை காலியாச்சு."

"விளையாட்டு இல்ல பாபா. ஒரு ஃபோன் போட்டு யாரோட வேலையையாவது..."

பாபா சிரிப்பை நிறுத்தினார். "யாரு சொன்னா?"

மிஸ்னா தஸ்னீமை நினைத்துக்கொண்டாள். "யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்."

பாபா தட்டைத் தள்ளி வைத்தார். "நான் அப்படிச் செஞ்சதில்ல. செய்யவும் மாட்டேன்," என்றார். "ஆனா எல்லா ஆளுங்களும் ஒரே மாதிரி இல்லியேம்மா. நான் எப்படிப்பட்டவன்னு என்னைப் பாக்காதவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் அது நடந்தது.

ஜாஸ்பர் தப்பி ஓடிக்கொண்டிருந்தான். யார் பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான். முன்னால் மிஸ்னா நின்றதைப் பார்க்கவில்லை. மோதிய வேகத்தில் இருவரும் உருண்டார்கள். மிஸ்னாவின் முழங்கை தரையில் தேய்ந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

திடல் முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது.

ஜாஸ்பர் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "மன்னிச்சுக்கோ மிஸ்னா. நான் வேணும்னு செய்யல. தயவுசெஞ்சு உங்க பாபாகிட்ட சொல்லாதே."

நாதீன் மிஸ் ஓடி வந்தார். "அல்லா! ரத்தம்! யாரு தள்ளினது? யாரு?"

மிஸ்னாவுக்கு முழங்கை எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. 'யாரும் தள்ளலை, நானே விழுந்தேன்' என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படிச் சொன்னால் ஜாஸ்பர் இன்று தப்பிப்பான். ஆனால் நாளைக்கு? நாளைக்கு அவளைக் கண்டால் இன்னும் ஒரு முழம் தள்ளி ஓடுவான். எல்லோரும் ஓடுவார்கள்.

"மிஸ், ஜாஸ்பர்தான்," என்றாள்.

ஜாஸ்பர் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஜாஸ்பர்தான் என்மேல மோதினான். அவன் கை என்மேல பட்டுச்சு. எல்லாரும் பாத்தீங்கல்ல? அப்ப நான் அவுட்! இப்ப நான்தான் பிடிக்கணும்!"

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலில் தஸ்னீமுக்குத்தான் விளங்கியது. "ஆனா அவன் பிடிக்க வரலையே, தப்பிச்சுல்ல ஓடினான்! அது எப்படிக் கணக்காகும்?" என்றாள் தன்னை மறந்து.

"பட்டா பட்டதுதான்! எங்க ஊர்ல அப்படித்தான்!"

"இது எங்க ஊரு!" என்று கத்தினாள் தஸ்னீம். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிஸ்னா அவளைப் பார்த்தாள். "உங்க ஊரு, சரி. அப்ப நான்தான் விருந்தாளி. இன்னிக்கு விருந்தாளி சொன்னதுதான் சட்டம்."

முழங்கைக்கு மருந்து போட்டுப் பிளாஸ்திரி ஒட்டியதும் மிஸ்னா திரும்பி வந்து சுவரைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். அன்று அவள் முதலில் பிடித்தது ஜாஸ்பரைத்தான். அவன் ஓடவே இல்லை. இரண்டாவது முறை கொஞ்சம் ஓடினான்.

பள்ளி விட்டதும் பாபா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கணுக்கால்வரை நீண்ட வெள்ளைக் கந்தூரா அங்கி, நெடிய உருவம், கையில் கைபேசி. தூரத்தில் இருந்தே அவரைப் பார்த்த ஜாஸ்பர் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

மிஸ்னா போய் அவன் கையைப் பிடித்தாள். "வா."

"நான் வரல."

"நான் கூடத்தானே இருக்கேன். வா."

இழுக்காத குறையாக அழைத்துப் போனாள். பிடித்த கையை விடவில்லை.

"பாபா, இவன்தான் ஜாஸ்பர். என்னை இடிச்சுத் தள்ளிட்டான். பாருங்க!" பிளாஸ்திரி ஒட்டிய முழங்கையைத் தூக்கிக் காட்டினாள்.

பாபா முழங்கையைப் பார்த்தார். வெலவெலத்து நின்ற பையனைப் பார்த்தார். மகளுடைய முகத்தைப் பார்த்தார். துபாய்க்கு வந்ததிலிருந்து அந்த முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று அன்று இருந்தது. சட்டை முழுக்க மண். ஒரு பொத்தானைக் காணோம்.

"நீ சும்மாவா விட்டே?" என்று கேட்டார்.

"அப்புறம் ரெண்டு தடவை நான் அவனைப் பிடிச்சேன்."

"அப்ப நீதான் ஒண்ணு கூடுதல்." கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ஜாஸ்பரிடம் குனிந்தார். "உனக்கு அடி எதுவும் பட்டுச்சா தம்பி?"

இதை ஜாஸ்பர் எதிர்பார்க்கவில்லை. "மு... முட்டியில லேசா சார்."

"காட்டு. அட, வீங்கியிருக்கே! ஐஸ் வைக்கச் சொல்லு. மிஸ்னா, இவன் முட்டியைப் பாத்தியா? நீ பாட்டுக்கு உன் முழங்கையையே காட்டிட்டிருக்கே!"

ஜாஸ்பர் முதலில் அவரைப் பார்த்தான், பிறகு மிஸ்னாவைப் பார்த்தான். "சார், இவ கண்ணை மூடி எண்ணும்போது விரல் இடுக்கு வழியாப் பாக்குறா," என்றான். பயம் முழுசாகப் போயிருக்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பொய்!" என்றாள் மிஸ்னா.

"கோர்ஃபக்கான்லயும் இதே புகார்தான் வந்துச்சு," என்றார் பாபா.

அதோடு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டதா? இல்லை. சிலர் இன்னும் அவளைச் சுற்றித்தான் ஓடினார்கள். மத்தியானத்தில் சில சமயம் அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். ஆனால் தஸ்னீம் அவளோடு முகம் கொடுத்துச் சண்டை போட்டாள். இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தாள். மூன்றாம் நாள் பாதி ரொட்டியைக் கொண்டுவந்து மிஸ்னாவின் டப்பாவில் வைத்தாள்.

குளிர் தொடங்கிய நேரத்தில் நேப்பாளத்திலிருந்து ஒரு புதுப் பையன் வந்து சேர்ந்தான். ஒவ்வொருவராகக் காட்டி, இது யார், அது யார் என்று ஜாஸ்பரிடம் கேட்டான்.

"இவ மிஸ்னா," என்றான் ஜாஸ்பர். "இமாராத்தி."

புதுப் பையனின் கண்கள் விரிந்தன. கால் தானாக ஓர் அடி பின்வாங்கியது.

"ஆமா, நீ தள்ளித்தான் நிக்கணும்," என்றான் ஜாஸ்பர். "எண்ணி முடிக்கறதுக்கு முன்னாடியே ஓடி வந்து பிடிச்சிடுவா. ஜாக்கிரதை!"

மிஸ்னா ஜாஸ்பரை விரட்டத் தொடங்கினாள். எண்ணவே இல்லை.