விட்ட இடத்திலிருந்து

மடிக்கணினியின் திரை கறுத்துக் கிடந்தது. ஆயினும் அதன் பக்கத் துளைகளின் வழியே வெப்பக்காற்று விட்டு விட்டு வெளிவந்துகொண்டிருந்தது. மின்னிணைப்பைப் பிடுங்கி வெகு நேரம் ஆகியிருந்தது. தனுஷ்கோடி தன் புறங்கையை அத்துளைகளின் அருகே கொண்டுபோனான். உறங்குகிறவர் ஒருவரின் மூக்கருகே கை வைத்தாற்போல் இருந்தது. அக்காற்றில் கந்தகமும், அதற்கு அடியில் கருகிய மயிரின் வாடையும் கலந்திருந்தன.

எம். புதுப்பட்டிக்கு அப்பால், கரிசல் காட்டின் நடுவே, கம்பி வேலிக்குள் எட்ட எட்டக் கட்டப்பட்ட சிற்றறைகளைக் கொண்ட பட்டாசு ஆலை அது. பின்வரிசையின் கடைசி அறை வெடித்துச் சிதறிய பிறகு அங்கே வேலை இல்லை, ஆட்களும் இல்லை. கூரை பறந்துபோன சுவர்களின் மேல் உச்சிவெயில் மட்டும் ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. வாயிலருகே வேப்பமரத்தின் கீழ்க் காவலாளி செல்லச்சாமி நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அம்மரத்தின் ஒரு பக்கம் முழுவதும் இலை கருகிப்போனதால் நிழலும் பாதியாகத்தான் விழுந்தது. வேலையாட்களை மேற்பார்க்கும் போர்மேனாகிய தனுஷ்கோடி அலுவலக அறையில் தனியே இருந்தான். அதிகாரிகள் இன்று வந்து இந்தக் கணினியை எடுத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தார்கள். முற்றத்தையும் பின்வரிசையையும் பார்த்தபடி நிற்கும் கேமராவின் பதிவு முழுவதும் இதற்குள்தான் இருந்தது.

அப்பதிவில் அவனும் இருந்தான்.

ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமர்த்தலாகாது என்பது விதி. சீசன் நேரத்தில் அவ்விதி எந்த அறையிலும் நின்றதில்லை. ஆகையால், சோதனைக்கு வரும் ஜீப்பின் புழுதி தொலைவில் தெரிந்த மாத்திரத்தில், மிகுதியாக உள்ள பெண்களைப் பின்வரிசையின் கடைசி அறைக்குள் அனுப்பி, கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவது அங்கே வழக்கம். வெளியே தாழிட்ட அறையைப் புழங்காத அறையென்று எண்ணி அதிகாரிகள் கடந்துபோவார்கள். அன்றும் தனுஷ்கோடி அவ்வாறே செய்தான். முந்தைய மாலையிலேயே அழித்திருக்க வேண்டிய மிச்ச மருந்து, அதாவது வெடிக்குரிய கலவை, அதே அறையின் மூலையில் சட்டிகளில் இருந்ததை அவன் அறிவான். சிறிது நேரந்தானே என்று நினைத்தான். ஜீப் ஆலைக்குள் வரவில்லை, சாலையோடு போய்விட்டது. ஆயினும் தாழ்ப்பாளை விலக்க அவன் விரைந்து போகவில்லை. தேநீர் அருந்திக்கொண்டிருந்தான்.

வெடித்த பிறகு முதலில் ஓடியவன் அவனே. ஊரார் அதைப் பாராட்டினார்கள். பெயர்ந்து சாய்ந்த கதவின் தாழ்ப்பாளை விலக்கிவிட்ட பின்னரே அவன் ஆட்களை உரக்கக் கூவி அழைத்தான். பெண்கள் தாமாகவே அங்கே போய் அமர்ந்திருந்தார்கள் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தான். இறந்தவர்களுள் அவனுடைய அண்ணன் மனைவி பாண்டிலட்சுமியும் ஒருத்தி. ஆகையால் அவன் சொல்லை எவரும் ஐயுறவில்லை.

நேற்றுத்தான் அவனுக்கு அந்த எண்ணம் தோன்றியது. கணினியைப் பழைய நாளுக்குத் திருப்பும் வசதி ஒன்று உண்டு. அதைத் திறந்து, விபத்து நடந்த நாளின் காலைப்பொழுதைத் தேர்ந்தான். கணினி அப்பொழுதுக்குத் திரும்பிவிட்டால் அதன்பின் பதிந்தது எதுவும் எஞ்சாது என்று நம்பினான். நடுவில் நிறுத்தலாகாது என்று திரை எச்சரித்தது. ஆனால் பாதி நடந்துகொண்டிருந்தபோது செல்லச்சாமியின் செருப்போசை கேட்கவே, பதறிப்போய் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டான். அதன்பிறகு கணினி திறக்கவில்லை. அதை உடைத்துப் போடவும் துணிவில்லை. உடைந்த கணினியைக் கண்டால் உடைத்தது யார் என்றல்லவா கேட்பார்கள்?

சிவகாசியில் கணினி பழுதுபார்க்கும் தவுபிக்கைக் கைபேசியில் அழைத்தான்.

“சார்ஜரக் கழட்டிட்டீகளாண்ணே?”

“கழட்டி எம்புட்டு நேரமாச்சு தம்பி. ஆனா உள்ள காத்தாடி ஓடுதே.”

“அதெப்பிடிண்ணே ஓடும்? பேட்டரி செத்துப்போச்சு, மாத்துங்கன்னு தலைப்பாடா அடிச்சேன்ல? வெயிலு உங்க மண்டைக்குள்ள ஓடுதுண்ணே. சரி, பவர் பட்டன நல்லா அமுக்கிப் பிடிங்க. உள்ள தங்குன கரண்டு பூராம் வடியட்டும்.”

தனுஷ்கோடி அழுத்திப் பிடித்தான். விரலின் அடியில் அந்தப் பொத்தான் வெதுவெதுப்பாக இருந்தது. சிறிது சிறிதாகக் காற்று தணிந்து நின்றது. அந்த அமைதியில், பின்வரிசையின் பக்கமிருந்து, உள்ளங்கையை உலோகத்தின் மேல் வைத்து எடுக்கும் ஓசை ஒன்று வந்தது.

அவ்வோசையை அவன் நன்கு அறிவான். உடம்பில் தங்கிய மின்சாரம் நிலத்தில் இறங்கும்பொருட்டு, ஒவ்வோர் அறையின் வாசலிலும் செப்புத்தகடு பதித்திருப்பார்கள். உள்ளே நுழைகிறவர் அதைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஓடு ஏதேனும் சரிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

“இப்பச் சார்ஜரச் சொருகி ஆன் பண்ணுங்க” என்றான் தவுபிக். “ஒண்ணுக்கும் பயப்படாதீக. ரீஸ்டோர் போட்டதுல உங்க சாமான் எதுவும் அழியாது. படம், வீடியோ எல்லாம் வச்சது வச்சபடி இருக்கும். சிஸ்டம் மட்டுந்தான் பழைய தேதிக்குப் போகும்.”

ஆறுதலாகச் சொல்லப்பட்ட அச்சொற்களைக் கேட்டுத் தனுஷ்கோடி கைபேசியைக் காதோடு இறுக்கினான்.

“அழியாதா?”

“ஒரு துளி அழியாது. நெஞ்சுல கை வச்சுத் தூங்குங்க.”

அப்படியானால் அதிகாரிகள் வருமுன் கணினியைத் திறந்து, அப்பதிவைத் தானே தேடி அழித்தாக வேண்டும். வேறு வழியில்லை. திரையில் நீல வெளிச்சம் தோன்றியது. தவுபிக் சொல்லச் சொல்ல, பழுதுநீக்கும் பக்கத்துக்குப் போனான். அது இயலவில்லை என்றது. பாதுகாப்பு முறையில் திறக்க முயன்றான், அதுவும் இயலவில்லை. இறுதியில் ஒரே ஒரு வரி எஞ்சியது. நிறுத்தப்பட்ட மீட்பைத் தொடரலாமா என்று கேட்டது.

“பாதியில நிறுத்துனதுதான் கோளாறு” என்றான் தவுபிக். “விட்ட எடத்துலருந்து அது முடிக்கட்டும். நடுவுல மட்டும் கையக் கிய்ய வச்சிராதீக.”

தனுஷ்கோடி சம்மதத்தை அழுத்தினான். வெண்ணிறக் கோடு ஒன்று திரையின் குறுக்கே மெல்ல வளரத் தொடங்கியது.

கோடு வளர வளர அறையில் வாடை மாறியது. விபத்துக்குப் பின் ஆலையெங்கும் தங்கிவிட்ட ஈரச்சாம்பலின் நாற்றம் விலகி, காகிதக் குழாய்க்கு ஒட்டும் பசையின் மணமும், பெண்கள் கொண்டுவரும் தூக்குச்சட்டிகளின் புளிக்குழம்பு மணமும் சன்னல் வழியே நுழைந்தன. வாசல் வழியே, தரையில் விழுந்திருந்த வேம்பின் நிழலை எதேச்சையாகப் பார்த்தான். பாதியாக இருந்த நிழல் நிறைந்துகொண்டிருந்தது. கிளை கிளையாக, இலை இலையாக.

செப்புத்தகடு மறுபடியும் ஒலித்தது. பிறகு மறுபடியும். ஒருவர் பின் ஒருவராக.

“அண்ணே,” என்றது கைபேசி, “ஆலைய மூடியாச்சுன்னாகளே. பெறகு பின்னால யாரு பொம்பளையாளுக சிரிக்கிறாக?”

அவன் இணைப்பைத் துண்டித்தான்.

கோடு மறு விளிம்பைத் தொட்டது. திரை வெளுத்தது. வழக்கமான படம். மூலையில் தேதி.

அந்தத் தேதி.

முதலில் அவன் சன்னலைப் பார்க்கவில்லை. பதிவுகள் இருக்கும் இடத்தைத் திறந்தான். அந்நாளின் பதிவைத் தேடினான். இல்லை. அழிந்துபோகவில்லை; இன்னும் பதியப்படவே இல்லை. அவனுக்கு அழுகை வந்தது. மகிழ்ச்சியால் வந்த அழுகை. அதன்பின்னரே தலை நிமிர்ந்தான்.

பின்வரிசையின் கடைசி அறைக்குக் கூரை இருந்தது.

சன்னலுக்கு வெளியே பாண்டிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். கையிலும் கன்னத்திலும் அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாக மின்னியது.

“என்ன கொழுந்தனாரே, பொட்டிக்குள்ள இன்னொரு பொண்ணு பாக்கீகளா? வீட்டுல என் தங்கச்சிட்டச் சொல்லிப்புடுவேன்.”

அவள் பின்னால் நின்ற அய்யம்மாள் வெற்றிலை வாயோடு சிரித்தாள். “இந்த மூஞ்சிக்கு ஒருத்தி வாக்கப்பட்டதே பெருசு தாயி. இன்னொண்ணு கேக்குதாக்கும்!”

மற்றப் பெண்களும் சிரித்தார்கள். எரியாத முகங்கள். தனுஷ்கோடியின் தொண்டையில் ஒரு சொல் வந்து நின்றது. வீட்டுக்குப் போங்கள். அவ்வளவுதான். பின்வேலியின் சிறுவாயில் திறந்தே இருந்தது. அப்பால் பருத்திக்காடு. ஒரு சொல் போதும்.

தொலைவில், சாலையின் மேல், புழுதி எழுந்தது.

பெண்களின் சிரிப்பு நின்றது. அனைவரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவசரமில்லாத பார்வை. அவன் வாயைத் திறக்கும்வரை காத்திருப்பதாயிருந்தது.

காட்டில் ஓடவிட்டால் ஜீப்பிலிருந்து தெரியும். எண்ணுவார்கள். லைசென்சு போகும். ஆலை போகும். போர்மேன் வேலை போகும். அந்தச் சட்டிகளை முதலில் அப்புறப்படுத்தினால்? இந்த வெயிலில் மருந்தை யார் தூக்குவது? அவன்தான் தூக்க வேண்டும். தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். முழுமையான கைகள். பத்து விரல்கள்.

எழுந்தான். தாழ்வாரத்துக்கு வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினான். கேமராவைப் பிடித்து, சுவரை நோக்கித் திருப்பினான்.

அதை மட்டும் செய்தான்.

கீழே இறங்கி, “வாங்க மதினி,” என்றான். “கொஞ்ச நேரந்தான்.”

பாண்டிலட்சுமி சுவரைப் பார்த்து நின்ற கேமராவை அண்ணாந்து நோக்கினாள். பிறகு அவனை நோக்கினாள். அவள் குரலில் கேலி இல்லை.

“மறுபடியுமா, கொழுந்தனாரே?”



பெண்கள் தாமாகவே நடந்தார்கள். வெறுங்காலோடு. வரிசையாக. எவரும் எவரையும் இடிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் செப்புத்தகட்டைத் தொட்டாள். ஒவ்வொருத்தியும் இருட்டுக்குள் நுழைந்தாள். ஒவ்வொருத்தியும் தனக்குரிய இடத்துக்குப் போனாள்.

அவை எந்த இடங்கள் என்பது அவனுக்குத் தெரியும். சாம்பலுக்குள் உடல்களை அடையாளம் காட்டியவன் அவன்.

அய்யம்மாள் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்தாள். முழங்கால்களை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அன்று கிடந்தவாறே. இளையவள் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தாள். அன்று இருந்தவாறே. இருவர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அவ்விருவரையும் அன்று பிரிக்க இயலாமல் ஒன்றாகவே புதைத்தார்கள். ஓசையில்லை. படிப்புக்கு அமரும் பிள்ளைகளைப் போல் அமைந்துகொண்டார்கள்.

பாண்டிலட்சுமி கதவருகே வந்தாள். மண்டியிட்டாள். இரு கைகளையும் உயர்த்தினாள். வெள்ளி படிந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கத் தொடங்கின. வாய் தானாகத் திறந்தது. கண்கள் மூடவில்லை.

மூலையில் ஒரு சட்டியின் மேல் மெல்லிய புகை.

வெளியே ஜீப்பின் ஓசை.

தனுஷ்கோடி கதவைச் சாத்தினான். ஒரு கையைப் பலகையில் ஊன்றி, மறு கையால் தாழ்ப்பாளைத் தள்ளினான். சூடு தெரிந்தது. பலகையின் மறுபுறத்தில், அவன் உள்ளங்கைக்கு நேராக, ஓர் உள்ளங்கை இருந்தது.

அது தள்ளவில்லை.