கதிரவேலுவின் பறி

நாயின் வாயில் மீன் போடுகிற ஓலைப் பறி. பறிக்குள் ஒன்றுமில்லை... இன்னும். ஆனால் கரையில் கொட்டிய மீன் குவியலை நோக்கி அது நடந்த நடை இருக்கிறதே, அது சொந்தக்காரன் நடை.

தவமலர் அதைப் பார்த்துவிட்டாள்.

உடப்புக் கரைக்கு அவள் வந்து சில நாட்கள்தான். முல்லைத்தீவில் சண்டை வீட்டு வாசலுக்கே வந்தபோது புறப்பட்டவள், இப்போது பெரியம்மா செல்லாச்சி வீட்டில். அன்றுதான் முதல் தடவையாக, மீன் தெரிந்தெடுக்கிற பெண்களோடு கரைக்கு வந்திருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு முல்லைத்தீவில் சொந்தக் கரைவலை இருந்தது. மீன் கள்ள நாயை என்ன செய்வது என்று வலைச் சம்மாட்டியின் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்தாள். கழுத்தில் சுருக்குப் போட்டாள். பறியைப் பிடுங்கினாள். நாயை இழுத்துக்கொண்டு போய், வலை வைக்கிற வாடிக் கொட்டிலுக்குப் பின்னால் தென்னையில் கட்டினாள். மழை இருட்டிக்கொண்டு வந்ததால், அது இறங்குமுன் பங்கு பிரித்துவிட எல்லோரும் அவசரப்பட்டார்கள். அவள் செய்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

நாய் குரைக்கவே இல்லை. தேன் நிறக் கண்களால் அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஒரு மரியாதையான ஆச்சரியம் இருந்தது. அதுதான் அவளுக்கு என்னவோ செய்தது.

பங்கு முடிந்து, மழை கொட்டத் தொடங்கிய பிறகு கட்டை அவிழ்த்தாள். "நட... உன்ர வீட்டுக்கு. உன்ர ஆளோட எனக்குக் கதை இருக்கு."

நாய் நடந்தது. அவள் பின்னால்.

நாய் போய் நின்ற வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் ஒருவன் படுத்திருந்தான். நெஞ்சின் மேல் ஒரு வெள்ளைப் பூனை. காலடியில் ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி, அவனுடைய சாரத்தின் கரையைச் சாவதானமாக மென்றுகொண்டிருந்தது. அவன் அதைத் தடுக்கவும் இல்லை, பூனையை இறக்கவும் இல்லை. தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தான். மழைக்குள் நின்று பார்க்கும்போது அந்தக் கண்கள்... சீ, சண்டை பிடிக்க வந்த இடத்தில் கண்ணைப் பார்க்கிற நேரமா இது என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

"நனைஞ்சு போய் நிக்கிறீங்க. உள்ளுக்கு வாங்க."

"நான் இருக்க வரேல்ல. இது உங்கட நாயோ?"

"ஓம்."

"இதுக்குப் பேர் இருக்கோ, இல்லாட்டிக் கள்ளன் எண்டுதான் கூப்பிடுறதோ?"

"வீட்டுக்குள்ள டைகர். ஆமிக்காரன் காவல் நிக்கிற இடத்துக்குக் கிட்டப் போனா டைமன். அதுக்கு விளங்கும்."

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். "மீன் களவெடுக்கப் பாத்தது. பிடிச்சுக் கட்டிப்போட்டனான்."

அவன் முகம் மாறியது. எழும்பப் பார்த்தான், கை வயிற்றுக்குப் போயிற்று, பூனை குதித்து இறங்கியது.

"பங்கு பிரிச்சாச்சா?"

"பிரிச்சு முடிஞ்சுது. ஏன்?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பதில் அவனுடைய தாய் ராசம்மாவிடமிருந்து வந்தது. முழங்கால் வருத்தத்தோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது களவெடுக்கப் போகல்ல, மகள். பங்கு வாங்கப் போனது."

கரையின் வழக்கத்தை ராசம்மாதான் சொன்னாள். ஓர் அடுப்புக்கு ஒரு பறி. கயிறு இழுக்கிறவன் வருத்தமாகக் கிடந்தாலும் அவனுடைய பறி கரைக்கு வரவேண்டும். வந்தால் பங்கும் உண்டு, கயிற்றில் அவனுடைய இடமும் உண்டு. பறி வராத நாள், அந்த வீடு இடத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம். மகன் கதிரவேலு கயிற்றின் தலைமாட்டில், முதல் ஆளாக நிற்கிறவன். அம்பா பாடுகிறவனும் அவன்தான். அவன் ஒரு வரி எடுத்தால்தான் மற்றவர்கள் கால் மாற்றி இழுப்பார்கள். இழுத்து இழுத்தே குடலிறக்கம் வந்து, புத்தளத்தில் ஓப்பரேசன் முடிந்து வந்து படுத்திருக்கிறான். தாய்க்கு மணலில் நடக்க ஏலாது. அதனால் பறி தூக்குவது டைகர்.

தவமலருக்குக் காது சுட்டது. மழை அவ்வளவு பெய்தும் சுட்டது.

"நீங்க புதுசு. உங்களுக்குத் தெரியாதுதானே," என்றான் கதிரவேலு. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பாள். அவன் ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அவள் அப்படியே ஈரத்தோடு திரும்பி நடந்தாள்... பெரியம்மா வீட்டுக்கு அல்ல, வாடிக்கு.

வலைச் சம்மாட்டி முத்துலிங்கம் சுருட்டைப் பற்றவைக்க மழையோடு போராடிக்கொண்டிருந்தார்.

"ஐயா, கதிரவேலுவின்ர பறி வராதது என்ர பிழை. நாயை நான் கட்டிப்போட்டனான்."

"பிழை யாரோடதாவும் இருக்கட்டும் பிள்ளை. பறி வரல்ல. நாளைக்கு அந்த இடத்துக்கு ஆள் சொல்லியாச்சு. ஒருத்தனுக்காக வழக்கத்தை மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"அப்ப அந்த இடத்தில நான் நிக்கிறன். அவர் எழும்புமட்டும். பங்கு அவற்ற பறிக்குப் போகட்டும்."

சம்மாட்டி சுருட்டை மறந்தார். ஆட்கள் குறைந்துபோன அந்தக் காலத்தில் பெண்கள் கடைசியில் நின்று தொங்கல் கயிறு பிடிப்பது புதிதல்ல. ஆனால் தலைமாடு?

"யாற்ற மகள் நீ?"

"முல்லைத்தீவுச் சிவக்கொழுந்துச் சம்மாட்டியின்ர மகள்." சொல்லும்போது அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. வீடு போயிருக்கலாம். வலை போயிருக்கலாம். அந்தப் பெயர் போகவில்லை.

"ஒரு பாடு வலை இழுத்துப் பாப்பம்," என்றார் அவர். "கயிறை விட்டா அதோட சரி."

அவள் விடவில்லை. மறுநாளும் விடவில்லை.

டைகர் நிறைந்த பறியோடு வீட்டுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அதே பறியோடு, அதே மீனோடு, செல்லாச்சி வீட்டுப் படலையில் வந்து நின்றது. கதிரவேலு திருப்பி அனுப்பியிருந்தான். தவமலர் டைகரைத் திருப்பி அனுப்பினாள். அவன் மறுபடியும் அனுப்பினான். மூன்றாம் நடையில் டைகர் நடந்த களைப்புக்கு ஒரு மீனைத் தானே எடுத்துக்கொண்டது. இனிமேல் இந்த விவகாரத்தை நாயிடம் விட்டால் மீன் மிஞ்சாது என்று தவமலரே புறப்பட்டாள்.

"ஏன் திருப்பி அனுப்புறீங்கள்?"

"என்ட இடத்தில நீங்க நிண்டு உழைக்க, நான் படுத்திருந்து திங்கிறதா? எனக்கு வெக்கமா இருக்கு."

"உங்கட இடத்தைத் துலைச்சது எனக்கு வெக்கம். ரெண்டு வெக்கமும் சரிக்குச் சரி. மீனைக் கழுவுங்கோ."

அவன் சிரித்துவிட்டான். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "சிரிக்க வைக்காதீங்க... தையல் இழுக்குது."

"எந்த இடத்தில தையல்?"

அவன் போர்வையை நெஞ்சுவரை இழுத்தான். "வயித்தில... கொஞ்சம் கீழ."

இருவர் முகமும் ஒரே நேரத்தில் சிவந்தது. ஆட்டுக்குட்டி மட்டும் வெட்கமில்லாமல் போர்வையின் நுனியை மென்றது.

அதன் பிறகு அவள் ஏதாவது ஒரு சாட்டோடு வந்தாள். ஆட்டுக்குக் குழை. பூனை சீனிக்கு மீன் தலை. ராசம்மாவின் முழங்காலுக்கு நொச்சி இலை. அவனுக்கென்று ஒன்றும் கொண்டு வரவில்லை. அவளுக்கு வைராக்கியம். சீனி அவன் வயிற்றில் படுக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அது காயத்துக்குப் பக்கத்தில் சுருண்டு, தலையை மட்டும் அவன் கையில் வைத்து நாள் முழுக்கக் கிடந்தது. அவன் நோவில் முனகினால் டைகர் எழும்பி வந்து அவன் காலில் மோவாயை வைத்தது. 'இந்த மனிசனில இதுகளுக்கு எவ்வளவு அன்பு...' என்று நினைத்தாள். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஒருநாள் குழையை நீட்டும்போது அவன் அவளுடைய உள்ளங்கையைப் பார்த்துவிட்டான். கயிறு தோலை உரித்திருந்தது. அவள் கையை மூடிக்கொண்டாள்.

மறுநாள் விடிய, டைகர் வெறும் பறியோடு வரவில்லை. பறிக்குள் ஒரு சின்னப் போத்தல் தேங்காயெண்ணெய். ஒரு பழைய சீலைத் துண்டு. கயிறு பிடிக்கும்போது அவன் கையில் சுற்றுகிற துண்டு அது. எத்தனையோ பாடுகளில் உப்பும் வெயிலும் ஏறி, அவனுடைய கையின் வளைவிலேயே படிந்துபோயிருந்தது. அவள் அதைத் தன் கையில் சுற்றினாள். பொருந்தவில்லை, பெரிதாக இருந்தது. ஆனாலும் அவள் அன்று முழுக்க அதைக் கழற்றவில்லை.

செல்லாச்சிக்குக் கண் இல்லையா என்ன?

"பிள்ளை, வந்த இடத்தில பேர் கெடக்கூடாது. அவன் நல்ல பொடியன்தான். ஆனா சும்மா போய் வாற கதை வேற, சொல்லிப் போட்டுப் போற கதை வேற."

"ஒண்டுமில்லைப் பெரியம்மா," என்றாள் தவமலர். அப்படிச் சொன்னபோது தனக்கே நோவதை உணர்ந்தாள்.

கதிரவேலு கிளினிக் போய்வந்த அன்று விறாந்தை வேறு மாதிரி இருந்தது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மூன்று செல்லங்களும் சத்தமில்லாமல் அவனைச் சுற்றிக் கிடந்தன.

"இனி வராதீங்க, மலர்."

முதல் தடவையாகப் பெயர் சொல்கிறான். அதுவும் இப்படியா?

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"காயம் ஆறிட்டுதாம். ஆனா இனிக் கயிறு பிடிக்கக் கூடாதாம். எப்பவும்." குரல் சுவரோடுதான் பேசியது. "என்ட இடத்தை நீங்க காத்துத் தந்தீங்க. அதில நிக்கிறதுக்கு ஆள் இல்ல. கயிறு பிடிக்க ஏலாதவன் வீட்டுக்கு நீங்க வந்து போனா உங்களுக்குத்தான் கதை வரும்."

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் கூட வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

"பாடக் கூடாதெண்டும் சொன்னவரோ?"

அவன் போர்வையைக் காதுவரை இழுத்தான்.

"கேக்கிறன். பாடக் கூடாதெண்டு சொன்னவரோ?"

"...இல்ல."

"அப்ப ஏன் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பாக்கிறீங்கள்? அங்க பாட ஆளில்லாமல் ஆளுக்கொரு பக்கம் கால் வைக்குது. இழுக்கிறதுக்கு நான் நிக்கிறன். என்ர அப்பா பிடிச்ச மாதிரிப் பிடிக்கிறன். எனக்குப் பாட வராது. அது உங்களுக்குத்தான் வரும்."

சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கண்ணீர் தெரிந்துவிடும்.

மறுநாள் காலை தூறல். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். வலை பாரமாக வந்துகொண்டிருந்தது. தலைமாட்டில் தவமலர், கையில் அந்தச் சீலைத் துண்டு. கால்கள் மணலில் சறுக்கின. பின்னால் யாரோ ஏசினார்கள், யாரோ இருமினார்கள், கயிறு ஒரு இழுப்புக்கு வந்து மறு இழுப்புக்கு நின்றது.

அப்போது டைகர் வந்தது, பறியோடு. அதற்குப் பின்னால் ஆட்டுக்குட்டி. அதற்கும் பின்னால் மெல்ல மெல்ல, ஒரு கையால் வயிற்றை அணைத்துக்கொண்டு கதிரவேலு.

அவன் கயிற்றைத் தொடவில்லை. அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கடலைப் பார்த்துக் குரலெடுத்தான்.

"நாயைக் கட்டிப் போட்ட கையி... ஏலோ..."

கரை ஒரு கணம் திகைத்தது. பிறகு சிரிப்போடு எல்லாக் குரல்களும் எழும்பின. "ஏலோ..."

"நம்ம கயிறைக் கட்டி இழுக்குதையோ... ஏலோ..."

"ஏலோ..."

கால்கள் ஒன்றாக மாறின. கயிறு ஒரே சீராக வந்தது. தவமலர் தலையைக் குனிந்துகொண்டு இழுத்தாள். முகத்தில் ஓடியது மழைதான் என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். நெஞ்சு நிறையப் பெருமை... இந்தக் குரலுக்குரிய இடத்தைத்தான் நான் காத்தேன் என்ற பெருமை.

வலையின் மடி நிறைய மீன். சம்மாட்டி முத்துலிங்கம் பங்கு பிரிக்க நின்றார்.

"பாட்டுக்கு ஒரு பங்கு. அது எப்பவும் இருக்கு. கயிறுக்கு ஒரு பங்கு. இனி அவன் இடம் அவனுக்கு, உன்ட இடம் உனக்கு." அவர் டைகரின் பறியில் ஒரு பங்கைப் போட்டார். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "உன்ட பறி எங்க, பிள்ளை?"

செல்லாச்சி தன் பறியை முன்னால் நீட்டினாள். "இஞ்ச போடுங்க. எங்கட வீட்டுப் பிள்ளை."

ஓர் அடுப்புக்கு ஒரு பறி. கரைக்கே தெரிந்த வழக்கம். தவமலருக்கும் இப்போது தெரியும். அவள் பெரியம்மாவின் பறியை மெல்ல, மரியாதையாக, ஒதுக்கிவிட்டாள்.

"இல்லைப் பெரியம்மா. நீங்கள்தானே சொன்னனீங்கள், சொல்லிப் போட்டுப் போகச் சொல்லி." சம்மாட்டியிடம் திரும்பினாள். "ரெண்டையும் அந்தப் பறியிலயே போடுங்கோ."

செல்லாச்சி அவளைப் பார்த்தாள், கதிரவேலுவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் பறியிலிருந்த ஒரே பெரிய பாரை மீனை எடுத்து டைகரின் பறியில் வைத்தாள். டைகரால் அதைத் தூக்க முடியவில்லை. கதிரவேலு குனியப் பார்த்தான். தவமலர் அவனைத் தடுத்துப் பறியைத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

இருவரும் வாடியைத் தாண்டி நடந்தார்கள். நாய் முன்னால், ஆடு பின்னால்.

"எனக்கு உங்களில சரியான விருப்பம், மலர்," என்றான் அவன். "மழைக்குள்ள சண்டைக்கு வந்தீங்களே, அண்டைக்கிருந்து. கயிறு பிடிக்க ஏலாதவன் எப்படிக் கேக்கிறது எண்டுதான்..." அவன் நின்றான். "எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டீங்க. யோசிச்சுத்தான் சொன்னீங்களா?"

அவள் பறியை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"உங்கட நாயைக் கட்டினதுதான் யோசிக்காமல்," என்றாள். "இது யோசிச்சது."