கடற்பக்கம் அடைத்த வீடு

கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு கிருபனின் சின்ன லொறி ஓமந்தையிலிருந்து வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. முல்லைத்தீவில் கடலை ஒட்டிப் போகும் மணல் ஒழுங்கையில் அதுதான் கடைசி வீடு. லொறியின் சில்லுகள் மணலில் புதைந்துவிடக் கூடாது என்று முத்துலிங்கம் முதல்நாளே தென்னோலை வெட்டிப் பாதையில் பரப்பியிருந்தார். கிருபனும் அவனுடைய ஆளும் ஒவ்வொரு கண்ணாடியாக இறக்கினார்கள். ஒவ்வொன்றிலும் கடல் ஒருமுறை சரிந்து, பிறகு நிமிர்ந்து நின்றது.

வேலை வீட்டின் பின்புறத்தில். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு பலகை மேடை இருந்தது. மேலே தகரக் கூரை, மூன்று பக்கமும் வெளி. இருபது வருடங்களுக்கு முன் கடல் ஏறி வந்து போனபோது பழைய வீட்டில் மிஞ்சியது சீமெந்துத் தரை மட்டும்தான். முத்துலிங்கம் புதிய வீட்டை நிலப்பக்கம் தள்ளிக் கட்டினார். பழைய தரையை உடைக்க மனம் வராமல் அதன்மேல் பலகை அடித்தார். பின்னேரங்களில் அவரும் மனைவி சாரங்காவும் அங்கேதான் தேத்தண்ணி குடிப்பார்கள்.

அந்த மேடையைக் கண்ணாடியால் அடைத்து அறையாக்குவது சாரங்காவின் ஆசை. அவள் பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பவள். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. மேடையில் மெசினை வைத்தால் ஒரு கிழமையில் ஊசி துருப்பிடித்து, வெள்ளைத் துணியில் சிவப்புப் பொட்டு விழும். வெளிச்சம் வரவேண்டும், உப்புக்காற்று வரக்கூடாது. ஏழு வருடக் கலியாண வாழ்க்கையில் அவள் கேட்ட ஒரே பெரிய பொருள் அதுதான்.

“கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சுப் போறவாறவைக்குக் காட்டப்போறியளோ என்னை?” என்று அவள் குசினி வாசலில் நின்று சிரித்தாள். கிருபனின் ஆளும் தலையைக் குனிந்து சிரித்தான்.

அலுமினியச் சட்டங்கள் ஏறின. கீழ்ச் சட்டத்தில் துளை போட கிருபன் துரப்பணத்தை எடுத்தபோது முத்துலிங்கம் கையை நீட்டித் தடுத்தார்.

“தண்ணி போறதுக்கு அண்ணை. நாலு ஓட்டை போட்டால் காணும்” என்றான் கிருபன்.

“உள்ள தண்ணி வராது.”

“கடற்கரை அண்ணை. ஈரம் எப்பிடியும் வரும். வந்தது போக வழி வேணுமெல்லோ.”

“ஒண்டும் வேண்டாம் தம்பி. எல்லாத்தையும் அடைச்சு விடும். ஒரு சொட்டு உள்ள வரப்படாது.”

கிருபன் தோளைக் குலுக்கிவிட்டு, சட்டத்தின் நீளத்துக்கும் சிலிக்கன் பசையை இழுத்தான். புளித்த வினாகிரி மணம் வீடெங்கும் பரவியது. கடைசிக் கண்ணாடி ஏறியதும் அலையின் சத்தம் சட்டென்று நின்றது. கடல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

முத்துலிங்கத்தின் முதல் மனைவி அருந்ததி. கடல் ஏறி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அது அவளைக் கொண்டுபோனது. அவர் யன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்திருந்தாள். “கை வழுக்கிட்டுது” என்று அவர் ஊருக்குச் சொன்னார். ஊர் அழுதது.

கை வழுக்கவில்லை.

தண்ணீர் கணுக்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, இடுப்பில், நெஞ்சில் ஏறியது. அவளுடைய பாரமும் சேர்ந்து இழுக்க, யன்னல் கம்பி சுவரிலிருந்து கழலத் தொடங்கியது. அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முதலில் சின்னவிரல், கடைசியில் பெருவிரல். அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் அவளுடைய வாயை மூடியது.

இதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. சாரங்காவுக்குச் சொல்லவே முடியாது. கலியாணத்துக்கு முன், “செத்த மனிசிக்கு வருசா வருசம் படைக்கிற மனுசன் என்னையும் கைவிடமாட்டார்” என்று அவள் தன் தங்கையிடம் சொன்னதை அவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருந்தார். அந்த ஒரு வசனத்துக்குள்தான் அவர் ஏழு வருடமாகக் குடியிருந்தார்.

அருந்ததியின் உடல் கிடைக்கவில்லை. ஆகையால் ஒவ்வொரு மார்கழியிலும் அந்தத் திகதியில் மேடையில் வாழையிலை விரித்து, சோறும் சூடைமீன் பொரியலும் படைப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் அரைமணி இருப்பார்கள். வந்தவள் சாப்பிட்டுவிட்டுக் கடற்பக்கமாகப் போய்விடுவாள். பிறகு கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள்.

அந்த வருடமும் அப்படியே செய்தார்கள். கண்ணாடி அறைக்குள் இலை விரிந்தது. சாரங்கா வீட்டின் முன்கதவைத் திறந்துவைத்து, “அக்கா, வாங்கோ. வந்து சாப்பிடுங்கோ” என்று மெல்லிய குரலில் அழைத்தாள். வீட்டுக்குள்ளால் ஒரு குளிர் போனது போலிருந்தது. அவள் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

கடற்பக்கம் அடைபட்டிருக்கிறது, போகிறவளுக்கு வழி இல்லை என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

அரைமணி கழித்துத் தட்டித் திறந்தபோது இலையில் இருந்த சோறு ஊறிப்போய்க் கிடந்தது. சாரங்கா ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தாள். கடலின் உப்புக் கைப்பு. பக்கத்தில் வைத்த தண்ணிச் செம்பு தட்டுப்பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டே அவள் இலையைச் சுருட்டினாள். செம்பு நிமிர்ந்தே இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடியில் ஒரு கோடு தெரிந்தது. உட்பக்கத்தில், கணுக்கால் உயரத்தில், மூன்று பக்கமும் சுற்றி, வெள்ளை உப்பு. அளவுநாடா வைத்துக் கீறியது போல ஒரே மட்டம். சாரங்கா அதை ஈரத்துணியால் துடைத்தாள்.

மறுநாள் மத்தியானம் அது முழங்கால் உயரத்தில் இருந்தது.

அவள் கிருபனுக்குத் தொலைபேசி எடுத்தாள். வெக்கையும் குளிரும் மாறி மாறி அடித்தால் கண்ணாடி வேர்க்கும், ஓட்டை போட விடாதது அண்ணைதானே என்று கிருபன் சிரித்தான். வெள்ளிக்கிழமை வந்து துளைத்துத் தருவதாகச் சொன்னான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. பள்ளிக்கூடம் தொடங்க ஒரு கிழமை. நாற்பது சட்டை தைக்கக் கிடந்தது.

முத்துலிங்கத்துக்கு அது போதவில்லை. செவ்வாய்க்கிழமை கோடு இடுப்பளவில் நின்றது. புதன்கிழமை நெஞ்சளவில். அவருக்கு அந்த வரிசை தெரியும். அடுத்தது எது என்றும் தெரியும்.

வியாழன் காலை சாரங்கா துணிக்கட்டைத் தூக்கியபோது அவர் வழியில் நின்றார்.

“இண்டைக்கு அதுக்குள்ள போகாதேயும்.”

“ஏன்?”

அவர் வாயைத் திறந்தார். ஏன் என்று சொன்னால் விரல்களைப் பற்றிச் சொல்லவேண்டும். சின்னவிரலில் தொடங்கிச் சொல்லவேண்டும். அவள் தன்னைப் பார்க்கும் பார்வை எப்படி மாறும் என்பதை ஒரு கணம் கண்டார்.

“வெக்கை” என்றார்.

“இஞ்சாருங்கோ, இன்னும் எட்டுச் சட்டை கிடக்கு. வெக்கையெண்டு சொன்னால் பள்ளிக்கூடக்காரர் கேப்பினமோ?” அவள் அவருடைய கன்னத்தில் தட்டினாள். “பின்னேரம் வெள்ளன முடிச்சிடுவன். பயப்பிடாதேங்கோ.”

கதவு இழுபட்டுச் சாத்திக்கொண்டது.

அவர் முற்றத்தில் தேங்காய் உரித்தபடி மெசின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். வெயில் உச்சிக்கு வந்தது. மெசின் ஒரு தடவை நின்றது.

பிறகு ஓடவில்லை.

அவர் வீட்டுக்குள்ளால் ஓடிப் போனார். கண்ணாடிக்கு அப்பால் அறை நிறைய வெயில். தண்ணீர் என்று ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளைத் துணிகள் மேசையிலிருந்து எழுந்து மெதுவாக மிதந்துகொண்டிருந்தன. நூல்கள் பாசி போல ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின.

சாரங்காவின் கூந்தல் தலைக்கு மேலே விரிந்து நின்றது.

அவள் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. ஒரு குமிழி அவளுடைய உதட்டிலிருந்து கழன்று கூரையை நோக்கிப் போனது.

அவர் பிடியில் தொங்கி இழுத்தார். கதவு ஓடும் தண்டவாளத்தில் உப்புப் படிந்து இறுகியிருந்தது. காலைச் சுவரில் ஊன்றி மறுபடி இழுத்தபோது நான்கு விரலகலம் திறந்தது. அந்த இடைவெளியால் குளிர்ந்த கடல்நீர் சீறி வந்து அவருடைய கால்களை நனைத்தது. கூடவே அவளுடைய கையும் வந்து அவருடைய கையைப் பற்றியது.

சுவரோரம் கனத்த இரும்பு அலவாங்கு ஒன்று சாத்தியிருந்தது. மற்றக் கையை நீட்டினால் எட்டும். ஓங்கி ஒரு அடி, கண்ணாடி உடைந்துவிடும்.

உடைந்தால் உள்ளே இருப்பது முழுவதும் வெளியே வரும்.

அப்போதுதான் தன் கையைக் குனிந்து பார்த்தார். சாரங்காவின் விரல்களுக்கு இடையிடையே வேறு விரல்கள் இருந்தன. ஊறி வெளுத்தவை. நகம் இல்லாதவை.

அவர் எண்ணினார். பத்து.

சாரங்காவின் தோளுக்குப் பின்னால் ஒரு முகம் மெல்ல மேலெழுந்தது. அது கோபமாக இருக்கவில்லை. இருபது வருடத்துக்கு முன் பார்த்தது போலவே, அவரை நம்பிப் பார்த்தது.

அவர் அலவாங்கை எடுக்கவில்லை.

சின்னவிரலில் தொடங்கினார். எது யாருடையது என்று பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக, பத்தையும் பிரித்தார். சூடான ஐந்தும் குளிர்ந்த ஐந்தும் ஒரே மாதிரித்தான் எதிர்த்தன. கடைசிப் பெருவிரல் கழன்றதும் கையை உதறி இழுத்து, கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாரங்கா இழுப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். விளங்கிவிட்டது அவளுக்கு.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். பின்னால் கண்ணாடியில் மெதுவாகத் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

நுரையீரலில் உப்புத்தண்ணீர் இருந்தது என்று வைத்தியர் எழுதினார். கரையில் குளிக்கப் போனாளா என்று பொலிஸ்காரர் கேட்டார். முத்துலிங்கம் ஓம் என்றார். அலை இழுத்தபோது பிடித்தேன் என்றார்.

“கை வழுக்கிட்டுது.”

செத்தவீட்டில் சனம் அவரைக் கட்டிப்பிடித்து அழுதது. கடலுக்கு இந்த மனுசனில் என்ன வஞ்சம் என்று ஒரு கிழவர் மண்ணை அள்ளிக் கடற்பக்கம் எறிந்தார். சாரங்காவின் தங்கை மட்டும் அழாமல், முத்துலிங்கத்தின் கைகளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தொன்றுச் சடங்கு முடிந்த மறுநாள் கண்ணாடிகளைக் கழற்றக் கிருபன் வந்தான். அவனுடைய ஆளுக்குக் காய்ச்சல். வெளியே நின்று திருகாணியைக் கழற்றும்போது உள்ளே ஒருவர் கண்ணாடியைத் தாங்கவேண்டும். முத்துலிங்கம் தானே உள்ளே போனார். கழற்றி முடியும்வரைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டுப்பக்கக் கதவைக் கிருபன் முதலிலேயே கழற்றி லொறியில் ஏற்றிவிட்டான்.

ஒவ்வொரு கண்ணாடியாகப் போனது. சட்டங்களும் போயின. கடைசிக் கண்ணாடியைக் கிருபன் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தான். மேடை பழையபடி மூன்று பக்கமும் திறந்து கிடந்தது. கடல் அதே இடத்தில் இருந்தது.

முத்துலிங்கம் மூச்சை இழுத்துவிட்டுக் காற்றுக்காகக் காத்து நின்றார்.

காற்று வரவில்லை.

தென்னைகள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் அசையவில்லை. அலையின் சத்தமும் கேட்கவில்லை.

கிருபன் கண்ணாடிகளைக் கயிற்றால் கட்டிவிட்டு மேடையைத் திரும்பிப் பார்த்தான். அவர் நின்ற இடத்தையே பார்த்தான். “அண்ணை” என்று கூப்பிடுவது போல வாய் அசைந்தது. அவர் கையைத் தூக்கிக் காட்டினார். கிருபன் இடமும் வலமும் தேடினான். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றுவிட்டு லொறியில் ஏறினான்.

முத்துலிங்கம் அவனை நோக்கி ஓடினார். மேடையின் விளிம்பில் நெற்றி எதிலோ மோதியது. குளிர்ந்தது, வழுவழுப்பானது. தடவிப் பார்த்தார். வீட்டுப்பக்கமும் அதுவே இருந்தது. ஒரு துளைகூட இல்லை.

கடலிலிருந்து ஒரு காகம் மேடையை நோக்கிப் பறந்து வந்தது. அவருடைய முகத்துக்கு நேரே வெறும் வெளியில் அடிபட்டு, கழுத்து மடிந்து, மணலில் விழுந்தது.

லொறி ஒழுங்கையில் திரும்பியது.

பலகை இடுக்குகளால் ஈரம் கசிந்து அவருடைய உள்ளங்காலைத் தொட்டது. பிறகு கணுக்காலை. அவர் கீழே பார்க்கவில்லை. கைகளை நெஞ்சோடு இறுக்கி, விரல்களை மடக்கி வைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு சூடான கை வந்து அவருடைய மூடிய விரல்களில் சின்னவிரலைத் தேடியெடுத்து, மெதுவாகப் பிரிக்கத் தொடங்கியது.