வியாழக்கிழமைத் தூசு

வடிதாளில் தூசு படிவது வழமைதான். திங்கட்கிழமை பின்னேரம் நிஸ்றா கழற்றிய தாளிலும் படிந்திருந்தது. ஆனால் அது இன்னும் பிறக்காத தூசு என்று கருவி சொன்னது.

ஆரையம்பதி வாவிக்கரையில், கண்டல் மரங்களுக்கு நடுவே நிற்கும் அந்த ஒற்றை அறைக் கட்டடத்துக்கு ஒரே ஒரு வேலை. உலகத்தில் யாராவது களவாக அணுகுண்டு வெடித்துப் பார்த்தால், அதன் தூசு காற்றில் அலைந்து அலைந்து இங்கேயும் வரும். கூரையிலுள்ள பம்பி நாள் முழுக்கக் காற்றை இழுக்கும். பின்னேரம் நாலு பத்துக்கு நிஸ்றா வடிதாளைக் கழற்றிக் கருவிக்குள் வைப்பாள். அணுகுண்டுச் சோதனையைத் தடுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட நாடுகள் பல, போடாத நாடுகள் சில, போட்டுவிட்டுக் கையை விரித்த நாடுகள் இன்னும் சில. பெரியவர்கள் எரித்து விளையாடுவார்கள். அந்தச் சாம்பலைப் பிடித்துப் பார்க்கக் காத்தான்குடியிலிருந்து ஒருத்தி தினமும் பஸ் ஏறி வரவேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெடித்த நேரத்தைத் தூசே சொல்லிவிடும். அதில் தாய் என்று ஒரு பொருள் இருக்கும். அது அழிய அழிய, மகள் என்கிற இன்னொன்று பிறக்கும். மகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்த்தால் வெடித்து எத்தனை நாள் என்று தெரியும். திங்கட்கிழமைத் தாளில் மகள் பூச்சியத்துக்கும் கீழே இருந்தாள். வெடித்த நேரம் என்று திரையில் விழுந்தது: வரும் வியாழன், பின்னேரம் நாலு பத்து.

கொழும்பிலிருந்த பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் முழுதாகக் கேட்கவில்லை. போன வருடம் அவள் அனுப்பிய அபாய அறிவித்தலை அவர் மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை. காவலாளி கனகசிங்கம் கழுத்துக் கழலைக்காக ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுள்ள மருந்து குடித்திருந்தார். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, ஒருவருக்கும் சொல்லாமல் வந்து கருவிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கருவி அலறியது, நிஸ்றா அனுப்பிவிட்டாள், மூன்று நாடுகள் விளக்கம் கேட்டன. அவள் காவலாளியைக் காட்டிக்கொடுக்காமல், பிழை தன்னுடையது என்று எச்சரிக்கைக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். இப்போது இரண்டு வல்லரசுகள் பேச்சுவார்த்தை மேசையை விட்டு எழுந்து போயிருந்த வாரம். இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றார் பணிப்பாளர்.

“கருவிப் பிழை எண்டு போட்டு மூடுங்க.”

அவள் அப்படியே போட்டு மூடினாள்.

செவ்வாய்க்கிழமையும் அதே நாள், அதே நேரம்தான் விழுந்தது. தூசு மட்டும் இரட்டிப்பாகியிருந்தது. வெளியே வந்தபோது வாவி எண்ணெய் ஊற்றிய தட்டுப்போல அசையாமல் கிடந்தது. எப்போதும் கம்புகளில் இறக்கை விரித்துக் காயும் நீர்க்காகங்கள் ஒன்றையும் காணவில்லை, தோணிக்காரர் குரல் ஒன்றும் கேட்கவில்லை, பம்பியின் இரைச்சல் மட்டும் சளி பிடித்தவன் மூச்சுப்போல இழுத்து இழுத்து வந்தது, அதோடு எங்கிருந்தோ மயிர் கருகும் வாடையும் வந்தது. வாவியைப் பார்த்த வெள்ளைச் சுவர், அடுப்படிச் சுவர்போலப் பழுப்பேறியிருந்தது. தொட்டால் சுட்டது. பின்னேர வெயில் பட்டால் சுவர் சுடாதா என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டாம் முறையும் கருவிப் பிழை என்று எழுதினாள்.

புதன்கிழமை சுவர் கொப்புளித்திருந்தது. எதுவோ வெக்கையை மறைத்ததுபோல, சில இடங்களில் மட்டும் பழைய வெள்ளை அப்படியே இருந்தது. ஒன்று தண்ணீர்க் குழாயின் வடிவம். இன்னொன்று கனகசிங்கத்தின் கதிரையின் வடிவம். கதிரையை இழுத்து அப்பால் வைத்தாள். அதன் வடிவம் சுவரிலேயே நின்றது.

ஈரம் ஊறியிருக்கும், சுண்ணாம்பு அடித்தால் சரிவரும் என்றார் கனகசிங்கம். மூன்றாம் முறையும் எழுதினாள். பயமாக இருந்தது, ஆனாலும் எழுதினாள்.

வியாழன் காலை சுவரில் புதிதாக இரண்டு வெள்ளை வடிவங்கள் இருந்தன. ஒன்று சாய்ந்த கிளைபோல நீளமாகக் கிடந்தது. அதை அவள் சரியாகப் பார்க்கவில்லை. மற்றது சின்னது.

பாடசாலைப் பர்தாவின் வட்டம். முதுகில் புத்தகப் பை. ஒரு கை நெற்றிக்கு மேலே. பையிலிருந்து தொங்கும் தண்ணீர்ப் போத்தல்.

அவளுடைய மகள் பஸ்னாவுக்கு ஒன்பது வயது. போத்தலின் வார் அறுந்துபோக, முதல் நாள்தான் நிஸ்றா அதில் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தாள். அந்த முடிச்சும் சுவரில் இருந்தது.

தங்கை ஸஹ்ராவுக்குத் தொலைபேசி எடுத்தாள். மூன்று மணிக்கு மாலை வகுப்பு விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பொலன்னறுவைப் பக்கம் பஸ் ஏறச் சொன்னாள். ஏன் என்று ஸஹ்ரா கேட்டாள். சும்மாதான் என்றாள். மூன்று தடவை பிழை என்று தானே எழுதிய ஒன்றை எந்த வாயால் சொல்வது? கனகசிங்கத்தையும் வீட்டுக்குப் போய் ஆறச் சொன்னாள். அவருக்கும் காரணம் சொல்லவில்லை.

மூன்றரைக்கு, வேலை போனால் போகட்டும் என்று, அபாய அறிவித்தலை எழுதி அனுப்பினாள். திரை திருப்பி எழுதியது: இந்த அளவீட்டுத் தொடர் கருவிப் பிழையாக மூடப்பட்டுள்ளது. மறுபடி அனுப்பினாள். மூடப்பட்டுள்ளது. மறுபடியும். மூடப்பட்டுள்ளது.

பம்பி நின்றது.

அந்த அமைதிக்குள் ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது.

“வகுப்பு வாசல்ல பிள்ள தனிய நிண்டு அழுதிச்சு, தங்கச்சி,” என்றார் கனகசிங்கம். “சாச்சியக் காணல்லயாம். நீங்க எனக்குச் செஞ்சதுக்கு இதையெண்டாலும் செய்யோணுமே எண்டு ஏத்திட்டு வந்தன்.”

நாலு ஒன்பது.

பஸ்னா இறங்கிச் சுவருக்கு ஓடியிருந்தாள். வடிவத்தைப் பார்த்தாள். சிரித்தாள். திரும்பி, முதுகை அதில் பொருத்தி நின்றாள். போத்தல் பொருந்தியது. முடிச்சும் பொருந்தியது.

“உம்மா, இஞ்ச பாருங்க, நான்தான்.”

பிறகு கண் கூசியது. கையை நெற்றிக்கு மேலே வைத்தாள்.

“உம்மா, வாவிக்குள்ள இரிந்து சூரியன் வருது.”

நிஸ்றா ஓடினாள். கைகளை நீட்டிக்கொண்டு ஓடினாள். அப்போதுதான் அந்த மற்ற வடிவத்தைப் பார்த்தாள். கிளை இல்லை. தலையில் முக்காடு. முன்னே சாய்ந்த உடம்பு. நீட்டிய இரண்டு கைகள். விரிந்த பத்து விரல்கள்.

விரல்களுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு சாண் சுவர் கருகியிருந்தது.