கிழியாத இழைகள்

காலையில் ஆராய்ச்சிக் கூடத்தைத் திறந்தபோது தொட்டியின் மணல் கிளறிக் கிடந்தது. குளிர்காலம் முழுக்க அதற்குள் புதைந்து உறங்கிய மெல்லோட்டு ஆமையைக் காணவில்லை. இரண்டு ஆராய்ச்சிக் குழுக்களுக்குப் பொதுவான ஆமை அது. வசந்தத்தில் இரண்டு குழுவும் சேர்ந்துதான் அறுத்து ஆராய வேண்டும் என்று பேச்சு.

தொட்டிச் சாவி இருவரிடம்தான் இருந்தது. ஒருவர் அதில் ஒரு குழுவின் தலைவர் டாக்டர் சோங். மற்றவர் ஆமைக்குத் தீனி போட்டு வளர்த்த கு கென்ஃபா.

பத்து மணிக்கு கென்ஃபா வீட்டுச் சமையலறையில் நின்றார் போலீஸ் அதிகாரி ஷியாங் சூயுன். அடுப்பில் ஆமை சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்ற மகளுக்காக முந்தாநாள் சந்தையில் வாங்கியது என்றார் கென்ஃபா.

"சந்தைக்காரன் பேரு?"

"ஆத்தங்கரைச் சந்தையில வண்டி போட்டு விக்கிறவன், அதிகாரியம்மா. பேரு யாரு கேட்டா?"

"குடல் எங்க?"

கென்ஃபாவின் மனைவி குளிர்பெட்டியைத் திறந்தாள். உறைந்த டோஃபு, அதாவது சோயாப் பன்னீர்க் கட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து மேசையில் போட்டாள். கல் விழுந்தது போலச் சத்தம் வந்தது. "பூனைக்கு எடுத்து வெச்சது. அன்னைக்கே உள்ள வெச்சேன்" என்றாள்.

கென்ஃபாவைக் காவலில் வைத்தார்கள். ஆமைத் திசுவைச் சோதிக்கத் தெரிந்தவர் ஊரில் சோங் ஒருவர்தான்; பை வண்டிச் சூட்டில் இளகி, ஈரமாக அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் சோங் ஒரு நுண்ணோக்கிப் படத்தை நீட்டினார். ஆமையின் முட்டைக்குழாய்ச் சுவரில், திசுக்களை இணைத்து நிற்கும் டெலோசைட் என்ற செல்லாம். சின்ன உடம்பு, அதிலிருந்து மணி கோத்த நூல் போல நீண்டு நீண்டு ஓடும் கைகள். உறங்குகிற ஆமைக்கு அந்தக் கைகள் ஒரு விதமாகவும், வெதுவெதுப்பான தொட்டியில் உறங்காமலே வளர்ந்த சந்தை ஆமைக்கு வேறு விதமாகவும் இருக்கும், இது உறங்கியதுதான் என்றார். கென்ஃபாவின் வேலை போனது. சிறைதான் பாக்கி.

அன்று மத்தியானம் காவல் நிலையத்தில் டோஃபு குழம்பு. உறைய வைத்து எடுத்தது. கரண்டியில் எடுத்த துண்டைச் சூயுன் திருப்பிப் பார்த்தார். பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து சோங்கின் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார்.

"ஒரு சந்தேகம், டாக்டர். இந்தச் செல்லை ஐஸ் பெட்டியில வெச்சா?"

"அதை மட்டும் செய்யவே கூடாது" என்று சிரித்தார் சோங். "பனித்துகள் கைகளைக் குத்திக் கிழிச்சிடும். அறுத்த உடனே பதப்படுத்துற மருந்துல போடணும்."

"உங்க படத்துல ஒண்ணு கூடக் கிழியல."

"நல்ல சாம்பிள்."

"கென்ஃபா வீட்டுப் பையை எடுத்தப்ப அது கல்லு மாதிரி உறைஞ்சிருந்தது. நானே பார்த்தேன். உங்ககிட்ட வர்றதுக்குள்ள இளகிடுச்சு, அது உங்களுக்குத் தெரியாது. இந்தப் படம் அந்தப் பையிலிருந்து எடுத்ததில்ல. உயிரோட இருந்த ஆமையை அறுத்து, அப்பவே மருந்துல போட்டு எடுத்தது. இருக்கிறதுலயே அழகான படமாப் பார்த்து எடுத்துக் காட்டி மாட்டிக்கிட்டீங்க."

சோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த குழு முந்திவிடும் என்று தோன்றியது, அவ்வளவுதான் என்றார் கடைசியில். ஆமையின் ஓடு அவர் அறை அலமாரியிலேயே இருந்தது.

சாயங்காலம் சூயுனே போய்க் காவல் அறைக் கதவைத் திறந்தார். வேலை திரும்பக் கிடைக்கும், வீட்டுக்குப் போகலாம் என்றார். கென்ஃபா எழுந்தார், வாசல் வரை வந்து நின்றுவிட்டார்.

"அது முழிச்சுக்கிச்சா, அதிகாரியம்மா? அறுக்கிறப்ப?"

சூயுனுக்கு அந்தப் படம் கண்முன் வந்தது. "இல்ல அண்ணே. தூக்கத்துலதான் இருந்திருக்கு."

கென்ஃபா தலையாட்டினார். சூயுன் திருப்பிக் கொடுத்த தொட்டிச் சாவியை, இனி வேண்டாம் என்பதுபோல் அவர் மேசையிலேயே வைத்துவிட்டு நடந்தார்.