ஒரிஜினல் பார்ட்

வழக்கம்போலக் காலையில் பரஞ்சோதி வலது முழங்காலின் மூடியைத் திறந்து, உள்ளே பதித்திருந்த கால்சில்லு என்ற சிப்பின் கம்பியை வண்டியில் சொருகினார். செவ்வாயில் ஷேர் வண்டி ஓட்டும் எல்லோரும் அப்படித்தான். கால் நினைத்தால் போதும், எஞ்சின் கேட்கும்.

செவ்வாய்க் காற்றில் எதுவும் எரியாது. மீத்தேனையும் ஆக்சிஜனையும் வண்டியேதான் சுமக்கவேண்டும். குடியிருப்பு அளந்து கொடுக்கும் வாயு மாதம் முடியுமுன் தீர்ந்தால் பெர்மிட் போச்சு, பிழைப்பும் போச்சு. போன மாதம் மயிரிழையில் தப்பினார். அதனால்தான் சீரன் என்ற மெக்கானிக் ரோபோவிடம் வண்டியை ட்யூனிங்குக்கு விட்டார்.

இப்போது என்னடாவென்றால், வண்டி நிறைய ஆள் ஏற்றியும் குடியிருப்பு இருக்கும் பள்ளத்தின் விளிம்பேற்றத்தில் ஜம்மென்று ஏறுகிறது. வாயுவும் மிச்சமாகிறது! சந்தோஷப்படவேண்டிய மனுஷன் சந்தேகப்பட்டார். கலவையில் வாயுவைக் கூட்டினால் இழுவை, குறைத்தால் மைலேஜ். ரெண்டும் எப்படி ஒன்றாய் வரும்? என்னமோ கழற்றியிருக்கிறான் பாவி! இந்த யோசனையில், முந்திக்கொண்டு போனவனைக்கூட அவர் சட்டைசெய்யவில்லை.

இத்தனைக்கும் வேலை முடியும்வரை ஷெட்டில் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கண்கொட்டாமல் காவல் காத்திருந்தார். மெக்கானிக்கை நம்பி வண்டியை விட்டுப் போகிற ஏமாளியா அவர்?

நேரே ஷெட்டில் போய் இறங்கினார். "உண்மையைச் சொல்லு. எந்த பார்ட்டை மாத்தினே?"

"எஞ்சின்ல எதையும் மாத்தலைண்ணே," என்றது சீரன்.

"புளுகாதே! மூடியைத் திறந்து குடைஞ்சியே, பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"நீங்க பார்க்கணும்னுதான் குடைஞ்சேன். கோளாறு உங்க கால்ல. முன்னாடி ஒருத்தன் போனா பொறுக்காது, ஓங்கி மிதிச்சிடுவீங்க. வாயு வீணாப் போகும், ஏத்தத்துல எஞ்சினும் திணறும். நீங்க உட்கார்ந்த ஸ்டூல்தான் என் கருவி. அது வழியா கால்சில்லுல அவசரத்தைக் கொஞ்சம் குறைச்சுவிட்டேன்."

பரஞ்சோதிக்கு ரத்தம் கொதித்தது. காலமெல்லாம் வண்டி ஓட்டியவனின் காலையா குறை சொல்வது?

"திருட்டுப்பயலே! ஒரிஜினலைக் கழட்டிட்டியா? மரியாதையா பழையபடி வை!"

"பெர்மிட் போயிடும்ணே."

"அதை நான் பார்த்துக்கிறேன்!"

சீரன் பழையபடியே வைத்தது. திரும்பும் வழியிலேயே ஒருத்தன் விளக்கை மின்னவிட்டு முந்தினான். விடுவாரா? எட்டி மிதித்தார். ஆஹா, இதுவல்லவோ கால்!

மாதம் முடியுமுன் வாயு தீர்ந்தது. பெர்மிட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். குடியிருப்பு வாசலில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பரஞ்சோதி சொன்னார்:

"அந்த ஷெட்டுக்கு மட்டும் போயிடாதீங்க. நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துட்டான்."